தாமரைத் தண்டு நீளவில்லை

சக்கரவாகமும் கிரௌஞ்சமும் கூடிக் கிடக்கும் ஒரு குளம். நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தாமரை மொட்டு ஒன்று தெரிகிறது. காற்று வீச வீச அது மெல்லச் சாய்கிறது. நின்ற இடத்திலிருந்து இரண்டு முழம் தள்ளிப்போய் நீரில் முழுகிவிடுகிறது. குளத்தின் ஆழம் எவ்வளவு, கணக்கரே, சீக்கிரம் சொல்லும் என்று கேட்கிறார் இரண்டாம் பாஸ்கரர். 1114-ல் பிறந்த அவர், 36 வயதில், 1150-ல் எழுதி முடித்த சித்தாந்த சிரோமணியின் முதல் பகுதியான லீலாவதியில் இந்தக் கணக்கு இருக்கிறது.

பறவைகளைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம், விடை மாறாது. ஆனாலும் அவற்றை எடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவை இருப்பதால்தான் குளம் குளமாக இருக்கிறது. மலரைத் தேர்ந்ததிலும் கண் இருக்கிறது. ஆம்பல் பெரும்பாலும் நீரின்மேல் படுத்துக் கிடக்கும். தண்டை நீட்டி நீரை விட்டு எழுந்து நிற்பது தாமரைதான். அந்த ஒரு சாண் இல்லாவிட்டால் கணக்கே இல்லை.

கேள்வியில் கொடுத்திருக்கும் அளவுகள் இரண்டே: ஒரு சாண், இரண்டு முழம். இந்த இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆழத்தைச் சொல்ல முடியாது. மூன்றாவது செய்தி ஒன்று வேண்டும். அது செய்யுளில் எங்கும் சொல்லப்படவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. காற்றில் சாய்ந்தபோது தண்டு நீளவும் இல்லை, குறுகவும் இல்லை. வேர் ஊன்றிய இடமும் மாறவில்லை. நிமிர்ந்து நின்றபோது இருந்த நீளமே சாய்ந்தபோதும் இருக்கிறது. சமன்பாட்டின் சமக்குறி இருக்கும் இடம் இதுதான். இந்த வகைக் கணக்கு ஒன்றைக் கையில் எடுத்ததும் நான் முதலில் தேடுவது எண்களை அல்ல. இந்தக் கதையில் எது மாறாமல் இருக்கிறது என்பதைத்தான்.

முழத்தைச் சாணாக்கிக்கொண்டால் வேலை இன்னும் துப்புரவாகிறது. இரண்டு முழம் 4 சாண். ஆழத்தை ஆ எனக் கொள்வோம். தண்டின் நீளம் ஆ + 1. சாய்ந்த தண்டு கர்ணம்; ஆழம் ஒரு பக்கம், காற்று தள்ளிய தூரம் மறுபக்கம்.

(ஆ + 1)² = ஆ² + 4²

இடப்பக்கத்தை விரித்தால் ஆ² + 2ஆ + 1. வலப்பக்கத்திலும் ஓர் ஆ² இருக்கிறது. இரண்டும் அடிபட்டுப் போக, மிஞ்சுவது 2ஆ + 1 = 16. ஆழம் ஏழரைச் சாண், அதாவது மூன்றே முக்கால் முழம்.

வர்க்கம் அடிபட்டுப் போகும் அந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பிதாகரஸ் தேற்றம் என்றதுமே வர்க்கங்கள் வந்துவிடுகின்றன. இருபடிச் சமன்பாடு வரப்போகிறது, சூத்திரம் தேவைப்படும் என்று மனம் தயாராகிறது. வந்த வேகத்தில் இரண்டு வர்க்கமும் கழிந்து, ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் எட்டும் ஒரு நேரிய சமன்பாடு கையில் நிற்கிறது. இது அதிர்ஷ்டத்தால் நடப்பதன்று. கொஞ்சம் காகிதம் இருந்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். எட்டரைக்கு எட்டரையாக ஒரு சதுரம் வெட்டுங்கள்; அது தண்டின் வர்க்கம். அதன் ஒரு மூலையில் ஏழரைக்கு ஏழரைச் சதுரத்தை வெட்டி எடுத்துவிடுங்கள். அது ஆழத்தின் வர்க்கம். மிஞ்சுவது தச்சரின் மூலைமட்டம் போல் வளைந்த ஒரு பட்டை. அதன் அகலம் எங்கும் 1; நீருக்கு மேல் தெரிந்த அந்த ஒரு சாண்தான் அது. ஒரு கை ஏழரை, இன்னொரு கை ஏழரை, மூலையில் ஒன்றுக்கு ஒன்று கட்டம். மூலையில் நறுக்கி ஒரே கோட்டில் ஒட்டினால் 16 நீளம், 1 அகலம். காற்று தள்ளிய தூரத்தின் வர்க்கமான நாலுக்கு நாலு சதுரமும் இந்தப் பட்டையும் ஒரே பரப்பு. 2ஆ + 1 = 16 என்ற வரியின் ஒவ்வோர் உறுப்பும் காகிதத்தில் இருக்கிறது: 2ஆ இரண்டு கைகள், 1 அந்த மூலைக் கட்டம்.

லீலாவதி எண்கணித நூல். அதில் பாஸ்கரர் இந்தக் கணக்குக்குத் தெரியாத எண்ணை எழுத்தாக வைப்பதில்லை. விதியைச் செய்யுளில் சொல்லிவிடுகிறார். தள்ளிய தூரத்தின் வர்க்கத்தை, நீருக்கு மேல் தெரிந்த அளவால் வகுக்க வேண்டும். வந்ததில் அந்த அளவைக் கழித்துப் பாதியாக்கினால் ஆழம், கூட்டிப் பாதியாக்கினால் தண்டின் நீளம். 16-ஐ 1-ஆல் வகுத்தால் 16. அதுதான் ஒட்டிய பட்டையின் நீளம், தண்டும் ஆழமும் சேர்ந்த தொகை. தொகை 16, வித்தியாசம் 1. ஏழரை, எட்டரை. மனக்கணக்காகவே முடிந்துவிடுகிறது.

தாமரைக்கு முன்பே லீலாவதியில் ஒரு மூங்கில் வருகிறது. சமதரையில் 32 முழ உயரத்தில் நின்ற மூங்கில் காற்றின் வேகத்தில் முறிகிறது. நுனி, அடியிலிருந்து 16 முழம் தள்ளித் தரையைத் தொடுகிறது. அடியிலிருந்து எத்தனை முழத்தில் முறிந்தது? இங்கே மாறாதது மூங்கிலின் மொத்த நீளம். முறிந்த உயரத்தை உ என்று வைத்தால் சாய்ந்த துண்டு 32 − உ.

(32 − உ)² = உ² + 16²

மீண்டும் உ² அடிபடுகிறது. 1024 − 64உ = 256. உ = 12; சாய்ந்த துண்டு 20. தாமரையையும் மூங்கிலையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு நேர்த்தி தெரியும். தாமரையில் கர்ணத்துக்கும் ஒரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் கையில் இருக்கிறது. தொகையைத் தேட வேண்டும். மூங்கிலில் தொகை கையில் இருக்கிறது. வித்தியாசத்தைத் தேட வேண்டும். 256-ஐ 32-ஆல் வகுத்தால் 8. தொகை 32, வித்தியாசம் 8. விடை 12, 20. ஒன்றைப் புரட்டிப் போட்டால் மற்றது.

மூங்கிலை அடுத்து மயில். 9 முழத் தூண் ஒன்றின் அடியில் பாம்புப் புற்று. தூணின் உச்சியில் ஒரு வளர்ப்பு மயில். தூணின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தூரத்தில், அதாவது 27 முழத்துக்கு அப்பால், பாம்பு ஒன்று புற்றை நோக்கி வருவதை மயில் பார்க்கிறது, சாய்வாகப் பாய்கிறது. இரண்டும் கடந்த தூரம் சமம். புற்றிலிருந்து எத்தனை முழத்தில் சந்திக்கும்? சந்திக்கும் இடம் புற்றிலிருந்து த முழம் என்றால், பாம்பு வந்த தூரம் 27 − த. மயில் பாய்ந்ததும் அதே.

(27 − த)² = த² + 9²

முன்பு எழுதிய வரியேதான். 32 இருந்த இடத்தில் 27, 16 இருந்த இடத்தில் 9. மூங்கில் தரையில் படுத்துவிட்டது, அவ்வளவே. புற்றிலிருந்து பாம்பு இருந்த இடம் வரைக்கும் 27 முழம் நீளமாகக் கிடக்கும் அந்த மூங்கிலின் ஒரு துண்டு, பாம்பு நகர்ந்து வந்த பகுதி, சந்திக்கும் இடத்தில் முறிந்து மேலே தூக்கித் தூணின் உச்சியைத் தொடுகிறது. அந்தத் துண்டுதான் மயிலின் பாய்ச்சல். விடை 12 முழம், பாய்ச்சல் 15. மூங்கிலின் 12, 16, 20-உம் மயிலின் 9, 12, 15-உம் ஒரே வடிவ முக்கோணங்கள். இரண்டும் 3, 4, 5-இன் மடங்குகள்.

மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது தாமரைதான். மயில் கணக்கில் இரண்டும் சம தூரம் கடந்தன என்பதைப் புலவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தாமரையிலும் மூங்கிலிலும் சமத்துவம் பொருளின் இயல்பிலேயே கிடக்கிறது. ஆனால் மயிலுக்கென்று ஓர் அழகு உண்டு. அது பாம்பு இருக்கும் இடத்தைக் குறிவைத்துப் பாயவில்லை, பாம்பு வந்து சேரப்போகும் இடத்தைக் குறிவைக்கிறது. கணக்கு நமக்கு முன்பே மயிலுக்குத் தெரிந்திருக்கிறது.

இந்தக் கதைகள் பாஸ்கரருக்கும் முந்தியவை. 499-ல் ஆரியபடர் எழுதிய ஆரியபடீயத்துக்கு 629-ல் உரை எழுதிய முதலாம் பாஸ்கரர், தாமரையையும் மூங்கிலையும் சொல்லி, மயில் பாம்புக்குப் பதிலாகப் பருந்தையும் எலியையும் ஓடவிடுகிறார். அதற்கும் பல நூற்றாண்டு முன்பே சீனாவின் ‘கணிதக் கலையின் ஒன்பது அத்தியாயங்கள்’ என்ற நூலின் கடைசி அத்தியாயத்தில் நாணல் ஒன்று நிற்கிறது. 10 அடிப் பக்கமுள்ள சதுரக் குளம், நட்ட நடுவில் நாணல், நீருக்கு மேல் 1 அடி. கரைப் பக்கம் இழுத்தால் நுனி கரையைச் சரியாகத் தொடுகிறது. (சீன அடி நம் அடிக்குச் சரியாக ஒத்ததன்று.) ஆழம் 12, நாணல் 13. அங்கே காற்று இல்லை, இழுக்கும் கைதான். தள்ளிய தூரத்தைத் தனியாகச் சொல்லவும் இல்லை. குளத்தின் பாதி அகலமே அந்த 5 அடி. அளவைக் குளத்துக்குள்ளேயே ஒளித்து வைத்த சிக்கனம் அது. அந்த நூலிலும் முறிந்த மூங்கில் உண்டு: 10 அடி மூங்கில், நுனி 3 அடி தள்ளி விழுகிறது. விடை 4 அடியும் 20-இல் 11 பங்கும். இழுத்தும் பிடித்தும் முழு எண்ணாக்க அவர்கள் முயலவில்லை.

லீலாவதியைக் கவிஞர்களும் விட்டுவைக்கவில்லை. அக்பரின் அவைக்களத்துக் கவிஞர் ஃபைசி 1587-ல் அதைப் பாரசீகத்தில் பெயர்த்தார். அமெரிக்கக் கவி லாங்ஃபெல்லோ 1849-ல் எழுதிய ‘கவனா’ என்ற நாவலில் ஒரு பள்ளி ஆசிரியர் தம் மனைவிக்கு லீலாவதிக் கணக்குகளைப் படித்துக் காட்டுகிறார். கவிஞர்களை இந்த நூலுக்கு இழுத்தது பறவைகளும் மலரும்தான் என்று நினைக்கிறேன். எடுத்துவிட்டால் விடை மாறாத அந்தப் பறவைகள்.

எழுத்தை வைத்துக் கணக்குப் போடுவதற்குப் பாஸ்கரர் தனி நூலே எழுதினார்: பீஜகணிதம். தெரியாத எண்ணுக்கு அதில் யாவத்தாவத் என்று பெயர். இரண்டாவது தெரியாத எண் வந்தால் கறுப்பு, மூன்றாவது நீலம், பிறகு மஞ்சள், சிவப்பு. நிறப் பெயர்களின் முதலெழுத்தை எழுதி, பக்கத்தில் எண்ணை இடுவார்கள். கழித்தல் எண்ணுக்குத் தலைமேல் ஒரு புள்ளி. சமக்குறி அப்போது கிடையாது. அது 1557-ல் இராபர்ட் ரெக்கார்ட் கொண்டுவந்தது. சமன்பாட்டின் இரு பக்கங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, வர்க்கத்தின் கீழ் வர்க்கம், எண்ணின் கீழ் எண் என இரண்டு வரிசையாக எழுதினார்கள். தாமரைக் கணக்கை அப்படி எழுதிப் பாருங்கள்: மேல் வரிசையில் 1, 2, 1, கீழ் வரிசையில் 1, 0, 16. முதல் பத்தியில் மேலும் கீழும் ஒரே எண். அடிபட வேண்டியது பார்த்ததுமே தெரிகிறது.

எல்லாக் கணக்கிலும் வர்க்கம் இப்படி நல்லபிள்ளையாக ஒதுங்கிவிடுவதில்லை. பீஜகணிதத்தில் ஒரு நிழல் கணக்கு இருக்கிறது. 12 விரல் உயரச் சங்கு, அதாவது நிழல் அளக்க நாட்டும் கோல். அதன் நுனிக்கும் நிழலின் நுனிக்கும் இடைப்பட்ட சாய்கோடு கர்ணம். நிழலிலிருந்து கர்ணத்தின் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 14 விரல். நிழல் எவ்வளவு? நிழலை நி என்று கொண்டால் கர்ணம் 3நி − 42.

(3நி − 42)² = நி² + 12²

இடப்பக்கத்தில் 9நி², வலப்பக்கத்தில் ஒன்றே ஒன்று. அடிபட்ட பிறகும் எட்டு மிஞ்சுகிறது. ஒழுங்காக்கினால் 2நி² − 63நி + 405 = 0. மூலங்கள் இரண்டு: 22½, 9. பாஸ்கரர் இரண்டையும் எடுத்துக் காட்டிவிட்டு, இரண்டாவது பொருந்தாது என்று தள்ளுகிறார். 9-லிருந்து ஏதோ ஒன்றைக் கழித்து 14 வர வழியில்லையே.

தள்ளிவிட்ட அந்த 9-ஐ நான் விடமாட்டேன். அது எங்கிருந்து வந்தது? நி = 9 என்று போட்டால் 3நி − 42 என்பது −15. வர்க்கமாக்கியதும் குறி தொலைந்து 225 ஆகிறது. 81 + 144-உம் 225. ஆக 9, 12, 15 பிழையான முக்கோணமன்று. தூணிலிருந்து மயில் பாய்ந்த அதே முக்கோணம். வேறொரு கேள்விக்கு அது சரியான விடை. ‘கழித்தால் 14’ என்பதைக் ‘கூட்டினால் 14’ என்று மாற்றிப் பாருங்கள். நிழல் 9, கர்ணத்தின் மூன்றில் ஒரு பங்கு 5, கூட்டினால் 14. கேட்காத கேள்விக்கும் சேர்த்தே இயற்கணிதம் விடை கொடுத்திருக்கிறது. எது கேட்ட கேள்வி என்று தீர்ப்பது கதை.

ஏற்றுக்கொண்ட விடையையும் பார்த்துவிடுவோம். நிழல் 22½, சங்கு 12, கர்ணம் 25½. மூன்றையும் 3-ஆல் வகுத்தால் 7½, 4, 8½. ஏழரைச் சாண் ஆழம், நாலு சாண் தள்ளல், எட்டரைச் சாண் தண்டு. வெயிலில் நாட்டிய சங்கிலும் நிழலிலும் இருப்பது தாமரைக் குளத்தின் முக்கோணம். ஒரே சமன்பாட்டின் ஒரு மூலம் தாமரை, மறு மூலம் மயில்.

கடைசியாக, தெரியாத எண்ணைக் கண்டுபிடிக்கவே வேண்டாத ஒரு கணக்கு. இதுவும் லீலாவதிதான். இரண்டு மூங்கில்கள், ஒன்று 15 முழம், மற்றது 10. ஒவ்வொன்றின் உச்சியிலிருந்தும் மற்றதன் அடிக்கு ஒரு கயிறு கட்டியிருக்கிறது. கயிறுகள் குறுக்கிடும் இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம்? இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கொடுக்கப்படவில்லை; அது தெரியாது என்று செய்யுளே சொல்லிவிடுகிறது. முதல்முறை படிப்பவர்களுக்கு இங்கே கேள்வியில் ஏதோ விட்டுப்போயிற்று என்றே தோன்றும்.

இடைத் தூரத்தை இ என்றும் வேண்டிய உயரத்தை கு என்றும் வைப்போம். குறுக்கிடும் இடத்துக்கு நேர் கீழே தரையில் ஒரு புள்ளி. அது இடைத் தூரத்தை இரண்டாகப் பிரிக்கிறது. பெரிய மூங்கிலின் அடியிலிருந்து அந்தப் புள்ளி வரை ப, சின்ன மூங்கில் வரை மீதி ம. பெரிய மூங்கிலின் அடியில் தொடங்கும் கயிறு, தூரம் முழுவதும் போய்ச் சேரும்போது 10 முழம் ஏறியிருக்கிறது. ப தூரம் போகும்போது கு ஏறியிருக்கிறது. வடிவொத்த முக்கோணங்கள். ஆகவே கு/10 என்பது ப/இ. மறுபக்கமிருந்து பார்த்தால் கு/15 என்பது ம/இ. இரண்டையும் கூட்டினால் வலப்பக்கம் (ப + ம)/இ. ப-வும் ம-வும் சேர்ந்ததுதான் இ. வலப்பக்கம் வெறும் 1.

கு/10 + கு/15 = 1

கு = 6. தூரம் கூட்டலுக்குள் வந்தது, தன்னைத் தானே வகுத்துக்கொண்டு போய்விட்டது. பாஸ்கரர் இதை நம்பச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடவில்லை. இடைத் தூரம் 5 என்று வைத்துக்கொண்டால் தரைத் துண்டுகள் 3, 2. 10 என்றால் 6, 4. 15 என்றால் 9, 6. 20 என்றால் 12, 8. எல்லாவற்றிலும் உயரம் 6 என்று வைத்து வைத்துக் காட்டுகிறார். தூரத்தைக் கூட்டக் கூட்டக் கயிறுகள் சரிந்து படுக்கின்றன. குறுக்கிடும் இடம் பக்கவாட்டில் நகர்கிறது. உயரத்தில் ஒரு விரற்கடை கூட இறங்குவதில்லை.

அந்தச் சமன்பாட்டை எங்கோ பார்த்த நினைவு உங்களுக்கு வந்திருக்கும். ஒரு வேலையை ஒருவர் 10 நாளில் முடிப்பார், இன்னொருவர் 15 நாளில் முடிப்பார். இருவரும் சேர்ந்து செய்தால் எத்தனை நாள் என்று பள்ளிக்கூடத்தில் போட்ட கணக்கு. வரிக்கு வரி இதுவேதான்; விடை 6 நாள். கணக்குக் குறிப்பேட்டின் ஒரு தாளில் 15 கட்டத்துக்கு ஒரு கோடு, 10 கட்டத்துக்கு ஒரு கோடு நிறுத்தி, உச்சியையும் அடியையும் மாற்றி மாற்றி இணைத்துவிட்டால், எவ்வளவு இடைவெளி விட்டு வரைந்திருந்தாலும் சரி, வெட்டும் புள்ளி ஆறாவது கட்டத்தில் நிற்கும். வேலைக் கணக்கில் ஆட்களின் நாட்களை மாற்றினால் கோடுகளின் உயரத்தை மாற்றினால் போதும்: 30 நாளும் 20 நாளும் என்றால் 12, 12 நாளும் 6 நாளும் என்றால் 4, இருவரும் சம வேகக்காரர்கள் என்றால் சரிபாதி.